இடம் சொல்லாத வசனங்கள்

தானியக் கிடங்கில் மூட்டை சுமந்த அந்த மனிதருக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் வசனக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வேத வசனங்கள் அவர் வாயிலிருந்து மடமடவென்று வரும். முதுகில் மூட்டை ஏறும்போது மற்றவர்கள் முனகுவார்கள். அவர் வசனம் சொல்வார்.

“வசனக்காரரே, இது கனமான மூட்டை. கொஞ்சம் நீளமா ஒண்ணு எடுத்துவிடுங்க” என்பான் கூட்டாளி.

“உனக்குச் சும்மா நடந்தாலே மூச்சு வாங்குது. நீ வாயை மூடிக்கிட்டு வா” என்பார் இவர்.

அவருக்குத் தெரிந்த வசனங்கள் அத்தனையும் மனைவி சொல்லிக்கொடுத்தவை. அவள் தையற்கடையில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். மணமான புதிதில் இருவருக்கும் பேச விஷயம் கிடைக்கவில்லை. அவள் ஏதாவது கேட்டால் அவர் ‘உம்’ என்பார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. ஒரு மாலையில் அவள் வேதாகமத்தை மடியில் விரித்து ஒரு வசனத்தை உரக்கப் படித்தாள். அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். புது மனைவி வியந்துபோய் இன்னொன்றைப் படித்தாள். அதையும் சொன்னார். அன்று முதல் குளித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து அவர் உட்காருவதும், அவள் துண்டு துண்டாகப் படிப்பதும், அவர் பிசகாமல் ஒப்பிப்பதும் அந்த வீட்டின் வழக்கமாயிற்று. புத்தகம், அதிகாரம், வசன எண் மூன்றையும் சேர்த்துத்தான் மனப்பாடம். இடம் தெரியாத வசனம் முகவரி இல்லாத கடிதம் என்பாள் அவள்.

மகள் வளர்ந்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விரல் வலி என்று சொல்லி மனைவி தையல் வேலையை விட்டாள். மாலைப் படிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆனால் சில வசனங்களுக்கு அவள் இடம் சொல்லாமல் விட்டாள்.

“இது எங்க இருக்கு?” என்று கேட்பார்.

“உள்ளதான் இருக்கு. நீங்க சொல்லுங்க.”

அவரும் சொல்வார். வேதாகமம் அவள் மடியில் இருந்தது. அதற்குமேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்?

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்று, ஒரு மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

அவர்கள் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு மனப்பாட ஞாயிறு. ஒவ்வொருவராக எழுந்து ஒரு வசனம் சொல்லி, அதன் இடத்தையும் சொல்ல வேண்டும். மனைவி போனபின் பல மாதங்கள் அவர் எழவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்காக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தமக்கு மிகவும் பிடித்ததை எடுத்தார். கிடங்கில் வரிசை தாண்டி முண்டுகிறவர்களை அதட்டுவதற்கும் அவர் எடுப்பது அதைத்தான்.

“நீ முந்தி ஓடாதே, உன் பின்னே வருகிறவருக்கு வழி மங்கலாயிருக்கிறது. நீ நின்று, கைகொடுத்து, நடத்திக்கொண்டு போவாயாக.”

“நல்ல வசனம் அண்ணே” என்றார் போதகர். “எந்தப் புத்தகம்?”

“உள்ளதான் இருக்குங்கய்யா.”

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது சிலர் பக்கங்களைப் புரட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் கைபேசியில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஞாயிறு பள்ளி நடத்திய ஆசிரியை யோசித்துப் பார்த்து, அப்படி ஒரு வசனமே இல்லை என்றாள்.

“ஞாபகப் பிசகா இருக்கும். பரவாயில்ல, உக்காருங்க” என்றார் போதகர் அன்பாக.

“என் ஞாபகம் பிசகாதுங்கய்யா. அவ படிச்சா, நான் சொன்னேன்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் மறுபக்கம் அவருக்கு உறைத்தது. தம் ஞாபகத்தில் பிழை இல்லையென்றால் அவள் படித்ததில்தான் பிழை. இல்லாத ஒன்றை வேதம் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தோமா? தெய்வ வார்த்தையோடு மனித வார்த்தையைக் கலப்பது பாவம் என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. எது தேவனுடையது, எது இல்லை என்று பிரித்தாக வேண்டும்.

அன்று மதியம் மகளை எதிரே உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்தாள். ஆரம்ப வருடங்களில் படித்தவை ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நடுவில் வந்தவற்றில் ஒரு சொல் இங்கே மாறியிருந்தது, ஒரு வரி அங்கே விடுபட்டிருந்தது. இடம் சொல்லாத வசனங்களுக்கு வந்தபோது மகள் பக்கம் திருப்புவதையே நிறுத்திவிட்டாள்.

“ஏம்மா தேட மாட்டேங்கிற?”

“அது இருக்காதுப்பா.” அவள் தலையைத் தூக்கவில்லை. “சர்க்கரை அம்மாவோட கண்ணுக்குப் போயிருச்சுப்பா. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. அதனாலதான் தையல் வேலையையும் விட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

“ஏன்?”

“படிக்க முடியலன்னு தெரிஞ்சா நீங்க சாயங்காலம் உக்கார மாட்டீங்கன்னு பயம். ஞாபகத்துல இருந்த வரைக்கும் சொன்னாங்க. அது தீர்ந்ததும் அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நேரா அப்பாகிட்டயே பேசுங்கம்மான்னு நானும் சொல்லிப் பார்த்தேன். ‘உங்கப்பா என் பேச்சை எங்கடி கேக்கறார், வேதத்தைத்தானே கேக்கறார்’னு சிரிச்சாங்க.”

‘முந்தி ஓடாதே’ என்றது யாரை என்று வசனக்காரருக்கு இப்போது புரிந்தது. மூட்டை சுமப்பவன் மெதுவாக நடக்க முடியாது. நடந்தால் பாரம் கழுத்தில் இறங்கிவிடும். அந்த நடை பாரம் இல்லாதபோதும் அவரை விட்டதில்லை. ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவர் முன்னே போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவள் தெருமுனையில் சுவரைத் தடவிக்கொண்டு வந்துகொண்டிருப்பாள். “என்ன, ஊர்வலமா வர்ற?” என்று கேட்டிருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். சுவரை ஏன் தடவுகிறாள் என்று அவர் கேட்டதில்லை.

“முந்தி ஓடாதேன்னு அவ சொன்ன அன்னிக்கு நீ வீட்டுல இருந்தியாம்மா?”

“அடுப்படியில இருந்தேன்ப்பா.”

“நான் என்ன சொன்னேன்?”

 

“ஆமென்னு சொன்னீங்கப்பா. அப்புறம் சாப்பாடு போடச் சொன்னீங்க.”

அவர் தலையை ஆட்டினார். போதகரிடம் நானே போய்ப் பேசுகிறேன், இதில் பாவம் ஒன்றும் இல்லை என்று மகள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மிச்சமிருப்பவற்றைப் பார்க்க வேண்டாம் என்று அவள் வேதாகமத்தை மூடப் போனபோது, “இரு” என்றார். இடம் சொல்லாதவற்றில் அடுத்ததை எடுத்தார்.

“பேச்சற்ற வீட்டிலே ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறவர்…”

எத்தனையோ முறை ஒரு மூச்சில் சொன்ன வசனம் அது. அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை.