ஏறி இறங்கும் ஙொய்ங்

“சொல்லாதீங்க. வாயால சத்தம் போட்டுக் காட்டுங்க” என்றபடியே இடது காதுத் தோட்டின் திருகைக் கழற்றுகிறார் சத்தக்காரம்மா. சத்தத்துக்குக் காது கொடுக்கும்போது தோடு இடைஞ்சல்; அது சட்டைப் பைக்குள் போகிறது. எதிரே நிற்பவர் ஒரு கல்லூரி முதல்வர். பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், வேறு வழியில்லாமல் “கொர்ர்…” என்கிறார்.

“கொர்ரா, கொரகொரவா?”

“கொரகொர.”

“அப்ப லூஸ் ஒயர். அஞ்சு நிமிஷம் உட்காருங்க.”

கார் ஆடியோ வேலையில் இருபத்திரண்டு வருஷம். ‘டப்’ என்றால் ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது, ‘கிச்கிச்’ என்றால் வால்யூம் குமிழில் தூசி. “ஏதோ டிஸ்டர்பன்ஸ் மேடம்” என்று பொதுவாகச் சொல்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மனிதர்களுக்கு முன்னால் பிரிட்ஜைத்தான் நலம் விசாரிப்பார். அதே பட்டறையின் மறுபாதியில் பாட்டரி பார்க்கும் அவருடைய வீட்டுக்காரர், ராத்திரி குறட்டை விடவே பயமாக இருக்கிறது என்கிறார்.

போன வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கூரியர் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பாட்டுக்காரி. பகலில் பார்சல், சாயங்காலம் கச்சேரிக் குழுவில் பின்பாட்டு. எட்டு வருஷம் பின்னால் நின்றவளுக்கு அன்று ஆறு மணிக்கு முதல் தனிப்பாட்டு. பழகுவதற்கு வண்டியை விட்டால் வேறு இடமில்லை. மியூசிக் பிளேயரோ பழசு, சார்ஜ் அரைமணி தாங்காது. சார்ஜரைச் செருகினால் பாட்டோடு ஒரு சத்தமும் சேர்ந்து வருகிறது.

“காட்டு” என்று தோட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார் அம்மா.

“ஙொய்ய்ய்ங்” என்றாள். ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் காலையும் அழுத்தினாள். ஙொய்ங் மேலே ஏறியது. காலை எடுத்தாள், இறங்கியது. சத்தக்காரம்மா சொக்கிப்போனார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் காட்டியதில்லை.

“கொடுமை என்னன்னா அக்கா, மூணு வாரமா அதைக் கேட்டுக் கேட்டு என் சுருதியும் அதுகூடவே ஏறுது. சிக்னல்ல நின்னா சரியா பாடறேன். கியர் மாத்தினா போச்சு. நேத்து ஒத்திகையிலயும் ஏறிடுச்சு. இன்னிக்கும் அப்படின்னா மறுபடி பின்வரிசைதான்.” கண் கலங்கிவிட்டது. ஒரு கடையில் ஸ்பீக்கரை மாற்றினார்களாம், இன்னொன்றில் செட்டையே மாற்றினார்களாம்.

“டைனமோ போயிருக்கும், கழட்டிடலாம்” என்றார் வீட்டுக்காரர், பாட்டரியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“என்னங்க, நீங்க உங்க தண்ணிய ஊத்துங்க” என்றார் அம்மா.

என்ஜின் ஓட, சார்ஜரைப் பிடுங்கினார், சத்தம் இல்லை. சார்ஜரை மாட்டிவிட்டு, பிளேயரிலிருந்து செட்டுக்குப் போகும் ஆக்ஸ் ஒயரைப் பிடுங்கினார், அப்போதும் இல்லை. இரண்டும் மாட்டியிருந்தால் மட்டும் ஙொய்ங். தன்னிடமிருந்த புது சார்ஜரைப் போட்டார். அதே ஙொய்ங். வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். மணி நாலு. பிறகு பவர் பேங்கில் பிளேயரைச் செருகினார். பாட்டு மட்டும் கண்ணாடிபோல் வந்தது.

“கேட்டுக்க தங்கச்சி. சார்ஜருக்கு எர்த் ஒரு இடத்துல, செட்டுக்கு எர்த் வேற இடத்துல. ஓரகத்திங்க ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு வாசல் வச்சுக் கொடுத்த மாதிரி. நேர்ல பேசிக்க மாட்டாங்க, குத்தப்பேச்சு மட்டும் நடுவுல ஓடிட்டே இருக்கும். அந்தப் பேச்சு உன் பாட்டு ஒயர் வழியா ஓடுது.”

செட்டை வெளியே இழுத்துப் போட்டுத் தலையை உள்ளே விட்டார். முதன்முதலில் செட்டு மாட்டிய புண்ணியவான் எர்த் ஒயரை, கரண்ட் விடாத பெயின்ட் மேலேயே வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தான். “அடப்பாவி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். இரண்டு எர்த்தையும் அதே போல்ட்டுக்குக் கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். மணி நாலே முக்கால்.

சார்ஜர், ஆக்ஸ், இரண்டும் மாட்டியாயிற்று. ஓட்டுநர் இருக்கையில் அம்மா, பக்கத்தில் பாட்டுக்காரி.

“பாடு. என்ன ஆனாலும் நிறுத்தாத.”

பிளேயரோடு சேர்ந்து அவள் மெதுவாகத் தொடங்கினாள். அம்மா ஆக்சிலேட்டரைத் தொட்டார். என்ஜின் ஏறியது; ஸ்பீக்கரில் பாட்டைத் தவிர எதுவும் இல்லை. இன்னும் மிதித்தார். வண்டி அதிர்ந்தது, ஸ்பேனர்கள் மேஜைமேல் கடகடவென்று ஆடின, வீட்டுக்காரர் பாட்டரியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். குரல் நூல் பிடித்தாற்போல் நின்ற இடத்திலேயே நின்றது. பாடிக்கொண்டே அவள் அழுதாள், சிரித்தாள். சுருதி மட்டும் அசையவில்லை. சத்தக்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“டைனமோவாம்ல!” என்று ஜன்னல் வழியே வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மா என்ஜினை அணைத்தார். அவள் பாட்டு நிற்கவில்லை. சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் தோட்டை எடுத்து, கண்ணாடி பார்க்காமலே காதில் மாட்டி, திருகைத் திருகினார்.