தோணாவில் அலசிய கரைவலை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாதம், நாட்காட்டிப் படம் ஒன்றை நம்பிக் கல்முனைப் பக்கம் போனேன். ஓர் எண்ணெய்க் கம்பெனி இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி அது. இயற்கையைக் காப்பதற்காகச் சாய்ந்தமருதில் தாங்கள் நட்ட கண்டல் கன்றுகளையும் அவற்றருகே நிற்கும் கொக்குகளையும் அச்சிட்டிருந்தார்கள். பறவை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் மட்டக்களப்பு. அங்கிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். (கட்டணம் கேட்காதீர்கள், இன்று அந்தக் காசுக்கு ஒரு பிளேன்டீகூட வராது.) கல்முனையில் வாடகைச் சைக்கிள் எடுத்துத் தெற்கே மூன்று கிலோமீற்றர் மிதித்தேன்.

கடலோடு சேரும் உப்பங்கழியை அங்கே தோணா என்கிறார்கள். கன்றுகளும் கம்பெனிப் பலகையும் அதன் கரையில் நின்றன. கொக்கு ஒன்றுகூட இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த சுபைதா என்ற பெண் தன் பறிக்கூடையைச் சாய்த்துக் காட்டினார். பெரும்பாலும் செத்த இறால்.

"இத வித்துத்தான் நானும் மூணு புள்ளையளும் திங்கிற. இப்ப மோந்து பாத்துட்டுப் போறாங்க," என்றார்.

காரணம் சற்றுத் தள்ளியே இருந்தது. அவர் 'காக்கா' என்று அழைக்கும் அண்ணன் ஹனீபாவும் ஆட்களும் கரைவலையை அலசிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் தார்க் கட்டியாகி வலையில் ஒட்டியிருந்தது. அதைக் கரைக்கக் கம்பெனியே பீப்பாய் பீப்பாயாக மண்ணெண்ணெய் கொடுத்திருந்தது. வலை கடல் உப்பில் இற்றுப்போகாமல் இருக்க, மழைத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்த தோணாவில் அலசிக் காயப்போடுவது அவர்கள் வழக்கம். மண்ணெண்ணெயில் ஊறிய வலையையும் பழக்கதோஷத்தில் அங்கேயே முக்கிவிட்டார்கள்.

கன்றுகளைப் படமெடுக்க ஜீப்பில் ஒரு கம்பெனி அதிகாரி வந்தார். செத்த இறாலைக் காட்டினேன்.

"நாங்க வலைக்குத்தான் குடுத்தோம். தோணாவில கழுவச் சொன்னது யாரு?"

"கழுவ வேண்டாமென்று சொன்னீங்களா?"

கன்றுகள் செழிப்பாக இருப்பதாகச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போனார்.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மார்ச் நல்ல மாதம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். நாட்காட்டியை நம்பிப் போகாதீர்கள். இறால் பிடிக்கும் பெண்களிடம் விசாரியுங்கள், இறால் உள்ள இடத்துக்குத்தான் கொக்கு வரும்.

நான் சைக்கிளை எடுக்கும்போது ஹனீபா தங்கையிடம் வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்தபடி பேசினார்.

"நாளையிலருந்து கடக்கரையிலயே கழுவுறம், தங்கச்சி. இஞ்ச கொண்டுவர மாட்டம்."

சுபைதா பறியைத் தோணாவில் கவிழ்த்தார்.

"இனி எங்க கழுவினா என்ன, காக்கா? இதுக்குள்ள ஒரு உசிருமில்ல. இஞ்சயே கழுவுங்க."