ஆழ்வார்குறிச்சி பேஸும் பத்துக்குப் பத்து அறையும்

1. செல்வியின் போன்

“கோமதியக்கா, எங்கண்ணன் பேஸ் கிதார விக்கப் போறேங்கான். நீங்க அவன்ட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

ஆழ்வார்குறிச்சியிலிருந்து செல்வி இப்படிப் போன் செய்தபோது நான் பாளையங்கோட்டையில் என் மாடி அறையில், ஒரு கோயில் கொடைப் பாட்டில் உருமிச் சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “ஏன், என்னாச்சு?” என்றேன்.

“நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜத்தான் நாலு நாளா போட்டுப் போட்டுக் கேக்கான்” என்றாள்.

அந்த மெசேஜில் நான் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. நல்லபடியாகத்தான் சொன்னோம் என்று அந்த நிமிஷம் வரை நினைத்திருந்தேன்.

வீட்டில் பாட்டு ரெக்கார்டு செய்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முப்பது வருஷமாக எனக்கு இதே பிழைப்பு. ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பக்திப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், கட்சிப் பாட்டு என்று எல்லாம் மிக்ஸ் செய்திருக்கிறேன். ஸ்டுடியோவை மூடிய பிறகு வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டேன். வீட்டிலேயே பாட்டுப் பதிகிறவர்கள் போனில் அனுப்புவார்கள், நான் சரிசெய்து திருப்பி அனுப்புவேன்.

வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரே குறைதான், தாழ்ந்த சத்தம். “பேஸ் பத்தலக்கா.” “டிரம்ஸ் டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கு.” மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுகிற தம்பி ஒருவர் உண்டு. “என் வண்டில போட்டா பின்சீட்டு அதிரணும்க்கா, வேற ஒண்ணும் வேண்டாம்” என்பார். இவர்கள் எல்லோருமே போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு பேஸை ஏற்றுவார்கள். போதவில்லை என்று இன்னும் ஏற்றுவார்கள். கடைசியில் பாட்டு மாவு மாதிரிக் குழைந்து என்னிடம் வந்து சேரும்.

காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம்மும் பேஸும் ஒரே பெஞ்சில் உட்கார வந்த இரண்டு தடியர்கள். ஏற்றுவதைவிட, ஒருவருக்காக இன்னொருவரைக் கொஞ்சம் நகர்த்தி உட்காரவைப்பதுதான் வேலை. கிக்குக்கு அடிமட்டச் சத்தத்தில் இடம் விட்டால் பேஸை அதற்கு மேலே உட்காரவை. டிரம்முக்குள் ஒரு பழைய தலையணையை வை. பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியைத்தான் மாடசாமியிடம் படித்தேன்.

2. முதல் பாட்டு

மாடசாமி விவசாயி. வயது நாற்பது இருக்கும். கல்லூரி நாளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர், அப்பா காலமானதும் வயலுக்குத் திரும்பிவிட்டார். செல்வி அவருடைய தங்கை. எழுதுவதும் பாடுவதும் அவள். அவள் கணவர் சங்கர் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார், டிரம்ஸ் வாசிப்பார். பி.டி. சார் ஆயிற்றே, தாள வேகம் அவரிடம் தப்பவே தப்பாது.

மூவரும் மாடசாமி வீட்டின் பின்னறையில் ரெக்கார்டு செய்வார்கள். முதலில் சங்கர் தனியாக டிரம்ஸ் வாசித்து முடிப்பார். அடுத்த நாள் அதைக் கேட்டுக்கொண்டே மாடசாமி பேஸ் வாசிப்பார். கிதாரை நேராக ரெக்கார்டிங் பெட்டியில் செருகலாம், இன்று எல்லோரும் செய்வது அதுதான். மாடசாமி மட்டும் தன் பழைய ஆம்ப் பெட்டிக்கு முன்னால் மூன்றடி தள்ளி மைக்கை வைத்துத்தான் எடுப்பார். “அந்தப் பொட்டிச் சத்தந்தான்க்கா என் சத்தம்” என்பார்.

தை பிறந்து பிசான நெல் அறுத்த கையோடு அவர்கள் அனுப்பிய முதல் பாட்டைக் கேட்டதும் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. கிக் ‘தொப்’ என்று விழுந்து அங்கேயே நின்றது. பேஸ் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றிய மாதிரி இறங்கியது. சத்தத்தை இடம்பார்த்து ஏற்றி இறக்குகிற ஈக்யூவில் நான் கை வைத்தது இரண்டே இடத்தில். வீட்டு அறையில் இப்படி வருமா என்று நானே இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். “வாசிப்புன்னா இது வாசிப்பு” என்று எழுதி அனுப்பினேன். மாடசாமி பதிலுக்கு ஒரு கும்பிடு படம் போட்டார்.

3. இரண்டாவது பாட்டு

வெயில் காலத்தில் இரண்டாவது பாட்டு வந்தது. கூடவே சங்கரின் மெசேஜும் வந்தது. “அக்கா, நெல்லு லோடு ஏத்தும்போது லாரிப் பின்கதவு மச்சான் இடது கை மேல விழுந்துட்டு. ரெண்டு விரல்ல கட்டு. இப்பதான் பிரிச்சிருக்கு. வாசிச்சிட்டாவ, கேட்டுட்டுச் சொல்லுங்க.”

நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. பாட்டைப் போடுவதற்கு முன்பே அடிபட்ட கையை மனசுக்குள் கேட்டுவிட்டேன்.

போட்டால், பேஸ் முழங்கிக்கொண்டே இருந்தது. அதிலும் பேஸின் நாலு கம்பியில் ஒன்றான ‘ஏ’ கம்பியின் சுரம் வரும் இடமெல்லாம் அண்டாவுக்குள் பேசுவது போலப் பொங்கியது. பேஸ் வாசிக்கிறவருக்கு இடது கை சுரம் பிடிக்க மட்டும் இல்லை, வாசிக்காத கம்பிகள் அதிராமல் அடக்கிவைக்கவும் அதே கைதான். விரல் சரியாகப் படியவில்லை, ‘ஏ’ கம்பி சும்மா கிடந்து அதிர்கிறது என்று தீர்மானித்தேன். சத்தத்தை ஒரே மட்டமாக அமுக்குகிற கம்ப்ரஸர் போட்டேன். அந்த இடத்தை ஈக்யூவில் வெட்டினேன். வெட்டினால் பேஸே காணாமல் போனது, விட்டால் பொங்கியது.

சங்கரிடம் சொன்னேன். அவர், “ஒருவேளை ரூம்ல ஏதும் கோளாறா இருக்குமோக்கா?” என்று பைய இழுத்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போன பாட்டும் அதே ரூம்தானே?” என்றேன்.

பிறகு பேஸ் டிராக்கை எடுத்துவிட்டு நானே கீபோர்டில் பேஸ் வாசித்துச் சேர்த்தேன். அழகாகத்தான் வந்தது. அதை அனுப்பிவிட்டு மாடசாமிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். “மாடசாமி, இடது கை கம்பிய அடக்க மாட்டேங்குது. அடிபட்ட விரலு, பாவம், அது என்ன செய்யும். நானே கீபோர்டுல பேஸ் போட்டுட்டேன். இனிமே கையச் சிரமப்படுத்தாதீங்க.”

இதைத்தான் அவர் நாலு நாளாகப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

4. கிக் மட்டும்

செல்வியின் போனுக்குப் பிறகு வேலை ஓடவில்லை. “டாக்டர் வெரலு சரியாயிரும்னுதான் சொன்னாவ. நீங்க சொன்னப்பறம் அவன் நம்ப மாட்டேங்கான். கோமதியக்கா காதுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும்ங்கான்” என்றாள். என் காதின் மேல் ஒருவர் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று பெருமைப்படவேண்டிய நேரமா அது? வெட்கமாக இருந்தது.

சமாதானம் சொல்லவாவது ஏதாவது கிடைக்குமா என்று இரண்டாவது பாட்டை மறுபடி திறந்தேன். ஒவ்வொரு டிராக்காகத் தனித்தனியே கேட்டேன். கிக் டிராக் வந்தது. முதல் பாட்டில் ‘தொப்’ என்று நின்ற அதே கிக், இப்போது ‘தொம்ம்ம்’ என்று வாலை இழுத்துக்கொண்டு போனது. அந்த வால் எந்தச் சுரம் என்று கீபோர்டில் தட்டிப் பார்த்தேன். அதே ‘ஏ’.

அந்த டிராக்கை சங்கர் தனியாக வாசித்தபோது மாடசாமி கிதாரைத் தொடக்கூட இல்லை. சங்கர் காலில் யாரும் லாரிக் கதவைப் போடவுமில்லை. அப்படியானால் பொங்குவது கையில்லை.

மறுநாள் காலை அம்பாசமுத்திரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். முப்பது வருஷத் தொழிலில் வாசித்தவர் அறையைப் பார்க்க நான் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

5. பின்னறை

மாடசாமி, “வாங்கக்கா” என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

“நான் ரூமப் பாக்கணும்” என்றேன்.

பின்னறை பத்துக்குப் பத்து. நீளமும் அகலமும் ஒன்று. சிமென்ட் தரை, பூசிய சுவர், ஒரு டிரம் செட், ஒரு ஆம்ப். வேறு ஒரு பொருள் இல்லை. நடுவில் நின்று கையைத் தட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது. பிறகு வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் ‘ம்ம்’ என்று பைய ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் அறை என்னோடு சேர்ந்து முனகியது. மூலைக்குப் போனால் அது நெஞ்சிலேயே வந்து முட்டியது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ள அறையில் ஒரே சுரம் இரண்டு மடங்காகப் பொங்கும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

“முதல் பாட்டு எடுக்கும்போது இங்கன என்ன இருந்துச்சு?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்விதான் சொன்னாள். “நெல்லு மூட்டை இருந்துச்சுக்கா. வெலை ஏறட்டும்னு அண்ணன் வச்சிருந்தான். அந்தா, அந்த ரெண்டு சொவரு ஓரமும் தலை ஒசரத்துக்கு. அதத்தானே அன்னைக்கு லாரில ஏத்துனது.”

மூட்டை போனதும் கையில் அடிபட்டதும் ஒரே நாளில். எல்லோர் கண்ணிலும் பட்டது கை. அறை காலியானதை யாரும் கவனிக்கவில்லை, காது ஒன்றை மட்டும் நம்பிப் பிழைப்பு நடத்துகிற நானும் கவனிக்கவில்லை. தலை உயர நெல் மூட்டை அடுக்கினால் அந்தத் தாழ்ந்த சுரத்தை அது விழுங்கிவிடும், அறையின் அளவும் மாறிவிடும். முதல் பாட்டின் அழகில் பாதி அந்த நெல்லுடையது.

“மாடசாமி, கூடம் கோணல்தான். உங்க கை இல்ல. நான் கேட்டது தப்பு, சொன்னது அதவிடத் தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன். என் வயதில் இந்த வார்த்தை சுலபமாக வராது. அன்று வந்தது.

அவர் உடனே ஒன்றும் உருகிவிடவில்லை. “நீங்க என் மனசு நோகக் கூடாதுன்னு இப்பிடிச் சொல்லுதீங்களோன்னு இருக்கு” என்றார்.

ஒருதடவை பாவம் பார்த்துப் பேசியவளை எப்படி நம்புவார்?

6. அருணாசலம் அண்ணாச்சியின் நெல்

பேச்சால் ஆகாது, காதால்தான் காட்டவேண்டும் என்று தோன்றியது. நேராக ரெக்கார்டிங் பெட்டியில் செருகி வாசித்தால் அறைத் தொல்லையே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது அவருடைய ஆம்ப்பும் அதே அறையும்தான். சங்கர் போனை எடுத்து, சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச் வாங்கலாமா என்று தேட ஆரம்பித்தார். “அது கைதட்டுச் சத்தத்தத்தான் நிறுத்தும். பேஸ் அதத் தாண்டிக் குதிச்சிப் போயிரும். நெல்லு மூட்டை எங்க கெடைக்கும், அதச் சொல்லுங்க” என்றேன்.

பக்கத்து வீட்டு அருணாசலம் அண்ணாச்சி சாப்பாட்டுக்கென்று இருபது மூட்டை வைத்திருந்தார். சங்கர் போய்க் கேட்டதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரில் வந்துவிட்டார். “ஏன்வே சாரு, நெல்லு கடன் கேட்டுப் பாத்திருக்கேன். பாட்டுக் கேக்கதுக்கு நெல்லக் கூட்டிட்டுப் போறத இப்பதான் பாக்கேன்.”

“ரெண்டு நாளுதான் அண்ணாச்சி.”

“எலி கடிச்சா யாரு பொறுப்பு?”

“டிரம்ஸ் அடிக்க எடத்துல எலி எங்க வரும்?” என்றாள் செல்வி. அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவருடைய ஆட்களே மூட்டையைத் தூக்கிவந்து சத்தம் முட்டுகிற இரண்டு மூலையில் அடுக்கினார்கள். மாடசாமியை யாரும் தூக்க விடவில்லை. வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கர் கிக்கை ஒரு மிதி மிதித்தார். ‘தொப்.’

மாடசாமி நிமிர்ந்தார். “இன்னொருக்க மிதி மாப்ள.” மிதித்தார். இன்னொரு தடவை. பத்துத் தடவை கேட்டிருப்பார். பிறகு உள்ளே போய், விற்பதற்காக உறைபோட்டு வைத்திருந்த கிதாரை எடுத்துவந்தார். அன்று முழுக்க சங்கர் டிரம்ஸை மறுபடி வாசித்து முடித்தார். நான் ராத்தங்கலாக செல்வி வீட்டில் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை மாடசாமி வாசிக்க உட்கார்ந்தார். ‘ஏ’ சுரம் வந்தது, நின்றது, போனது. ஹெட்போனுக்குள் எனக்குக் கண் கலங்கியது உண்மை. இரண்டு சரணம் தடையில்லாமல் போயிற்று. மூன்றாவது சரணத்தில், மேலே ஏறுகிற ஒரு இடத்தில், கம்பி ‘ர்ர்’ என்று சின்னதாக இரைந்தது. அவரே நிறுத்திவிட்டார்.

“அக்கா, இது ரூமா, கையா?”

செல்வி என்னையே பார்த்தாள். ரூம் என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. சங்கர் குனிந்து டிரம் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் மாடசாமி நம்பியும் இருப்பார். ஆனால் பாவம் பார்த்து நான் ஒருதடவை சொன்னதற்குத்தான் இந்த மனுஷன் கிதாருக்கு உறைபோட்டார். இந்தத் தொழிலில் என்னை நம்பி ஒருவர் பாட்டைக் கொடுக்கிறார் என்றால், கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை. அதற்கு முன், சரியாகக் கேட்டோமா என்று போய்ப் பார்த்துவிடவேண்டும். முப்பது வருஷத்தில் நான் படித்த பாடம் இவ்வளவுதான், பிள்ளைகளே.

“கை” என்றேன். “மோதிர விரலு கம்பிய முழுசா அமுக்கல.”

மாடசாமி அந்த விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். முந்தின நாள் காலையிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“கைதான? அப்பன்னா பழக்கிரலாம்” என்றார். “அந்த எடத்துலேர்ந்து போடுங்க.”

ஆறு தடவை எடுத்தோம். ஆறாவது தடவை வந்துவிட்டது.