காவல்காரனின் குரலில் நான் சொன்னது

போன வருடம் நல்லூர்த் திருவிழா முடிந்து, மழை இன்னும் தொடங்காமல் வானம் மூடிக்கொண்டு புழுங்கிய நாட்களில் இது நடந்தது. இடம் மருதனார்மடம். சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. கிழமை நாட்களில் அங்கே பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆங்கில வகுப்பு. ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் அங்கே ஒரு விளையாட்டு விளையாடுவோம்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்காது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரம் என்ன செய்யும், என்ன கதைக்கும் என்று தாங்களே சொல்லிக்கொண்டு போவார்கள். மதில் ஏறிக் குதிக்கிறேன் என்று நான் சொன்னால் தாயக்கட்டையை உருட்டவேண்டும். பெரிய எண் விழுந்தால் குதித்துவிடுவேன். சின்ன எண் விழுந்தால் கால் முறியும். வெற்றி தோல்வி கிடையாது. கதை எங்கே போய் முடியுமென்று நடத்துகிறவருக்கே தெரியாது.

எங்கள் கதையை நடத்தியவர் அந்த வகுப்பின் ரீச்சர். எங்கள் வயதுதான். கொழும்பில் படித்த காலத்தில் பழகிய விளையாட்டு. வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களை வாய் திறந்து ஆங்கிலம் கதைக்க வைக்கத்தான் அதைத் தொடங்கினார். எங்கள் வகுப்பு முடிந்தபோது ஆங்கிலம் நின்றுபோனது, விளையாட்டு நிற்கவில்லை. தமிழிலேயே தொடர்ந்தோம். எனக்குச் சந்தியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இன்னொருவன் குருநகர்க்காரன், மீனுக்கு ஐஸ் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். பருத்த உடம்பு, வாயும் அப்படியே பெரிது. நாலாவது ஆள் நல்லூர்ப் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறவன். அவனை நான் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

கதையில் நான் ஒரு துறைமுகக் கோட்டையின் காவல்காரன். குருநகர்க்காரன் எனக்கு மேலே இருக்கும் தளபதி. அவன், ராசாவுக்குத் தெரியாமல் உப்புக் கடத்துகிற தோணிக்காரன். ஒரு ஞாயிறு என் காவல்காரன் தோணிக்காரனைக் கையும் மெய்யுமாகப் பிடித்தான். பிடித்துவிட்டு, போக விட்டான்.

“ஏன் விட்டனீங்கள்?” என்று ரீச்சர் கேட்டார்.

நான் யோசிக்காமலே சொன்னேன்: “காவல்காரனுக்கு அவனிலை விருப்பம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. காதெல்லாம் சுட்டது. குருநகர்க்காரன்தான் முதலில் வாய் திறந்தான். “டேய், உது என்ன கதை? பூதம், மந்திரவாதி எண்டா விளையாடலாம். உது எனக்குச் சரிவராது.”

ரீச்சர் சிரிக்கவில்லை. “மூண்டு தலைப் பூதத்தை நம்புறியள். ஒரு ஆம்பிளைக்கு இன்னொரு ஆம்பிளையிலை விருப்பம் வந்தா நம்பமாட்டியளோ?” என்று கேட்டுவிட்டு அவனைப் பார்த்தார். “தோணிக்காரன் என்ன சொல்லுறார்?”

அவன் குனிந்தபடி தாயக்கட்டையைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “தோணிக்காரன் அடுத்த கிழமையும் வாறான். உப்பு இல்லாமல்.”

அன்றிலிருந்து காவல்காரனும் தோணிக்காரனும் கதைக்குள் ஒரு சோடி. குருநகர்க்காரன் முதலில் முகத்தைச் சுளித்தான், பிறகு பழகிவிட்டான். வெளியில் தோணிக்காரனான அவனும் நானும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. சந்தியில் கண்டால் தேத்தண்ணி குடிப்போம், மழை வருமோ என்று கதைப்போம், அவரவர் வழியில் போய்விடுவோம். என் மனதில் இருந்ததை நான் அந்தக் காவல்காரனின் வாயால் மட்டும்தான் சொன்னேன்.

பயம்தான் காரணம். இங்கே அது சட்டப்படியும் குற்றம். சட்டத்தைவிடச் சனத்தின் வாய் இன்னும் பயம். எங்கள் அயலில் ஒரு பெடியனைப் பற்றி அப்படியொரு கதை பரவி, நாலைந்து பேர் சேர்ந்து அடித்து, கடைசியில் அந்தப் பெடியன் ஊரைவிட்டே போனான். அந்தச் செய்தி வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அண்ணை, “உப்பிடியானவங்களைக் கைகாலை முறிச்சு விடவேணும்” என்றார். சொல்லிவிட்டு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். அண்ணை கெட்ட மனிதர் அல்ல. அப்பா இல்லாத வீட்டில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்து என்னைப் படிப்பித்தவர். அதனால்தான் அந்தச் சொல் எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

விட்ட இடம் மறந்துபோகாமல் இருக்க, ரீச்சர் சில கட்டங்களைப் போனில் பதிவு செய்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். ஒரு பதிவில் காவல்காரனும் தோணிக்காரனும் பிரியவேண்டிய நிலைமை. “வீட்டிலை ஆர் என்ன சொன்னாலும் நான் உன்னை விட்டிட்டுப் போகமாட்டன். எனக்கு நீதான்” என்று என் குரல். “பிடிபட்டா ரெண்டு பேரையும் கொல்லுவாங்கள்” என்று அவன் குரல். “கொல்லட்டும்” என்று திரும்பவும் நான். அவ்வளவுதான். கேட்கிறவருக்கு அதில் கோட்டையும் இல்லை, துறைமுகமும் இல்லை. நாங்கள் வீட்டில் கதைக்கும் அதே தமிழ்.

அவனுடைய போன் பழுதாகிப் பதிவுகள் எல்லாம் போய்விட்டன. அந்தப் பதிவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டான். கடையில் சனம் நின்ற நேரம். ஒரு கையில் மருந்துச் சிட்டை, மற்றக் கையில் போன். அனுப்பிவிட்டு ஒரு ஐயாவுக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அது அவனுக்குப் போகவில்லை. அவன் பெயருக்குக் கீழே இருந்த எங்கள் குடும்பக் குழுவுக்குப் போயிருந்தது. அம்மா, அண்ணை, அண்ணி, லண்டனில் இருக்கும் அக்கா எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

உடனே அழித்தேன். அவசரத்தில் இரண்டு முறை பிழையாக அழுத்தி, மூன்றாம் முறைதான் அழிந்தது. ஆனால் அழிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஒரு ஆள் அதைக் கேட்டிருந்தார். அண்ணை.

பின்னேரம் வீட்டுக்குப் போக அம்மா, “என்னடா அனுப்பிப்போட்டு அழிச்சனி?” என்று கேட்டார். கடை விளம்பரம் என்று ஏதோ சொன்னேன். அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தோட்டத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நின்றவர், நான் சைக்கிளை எடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு சந்தி வரைக்கும் வரும். கடையில் யார் உள்ளே வந்தாலும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று தோன்றியது.

ஞாயிறு வந்தது. போகாவிட்டால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்துப் போனேன். கொட்டிலில் எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சரின் முகம் வெளிறிவிட்டது. ஊரில் ஒரு கதை பரவினால் அவரிடம் யார் பிள்ளைகளை அனுப்புவார்கள்? அவன் எழும்பி, “நான் இனி வராமல் விடட்டோ?” என்று கேட்டான். நான் பதில் சொல்ல வாய் திறக்கவும், வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அண்ணை ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “‘எனக்கு நீதான்.’ அதை ஆருக்குச் சொன்னனி?”

அவர் அந்த வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தார்.

“அண்ணை, அது ஒரு விளையாட்டு. கதை சொல்லி விளையாடுறது” என்றார் ரீச்சர்.

“விளையாட்டோ? அப்ப எனக்கு முன்னாலை விளையாடுங்கோ, பாப்பம்.”

குருநகர்க்காரன் எழும்பி ஒரு வாங்குப் பலகையை இழுத்துப் போட்டான். “இருங்கோ அண்ணை.”

அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று. ரீச்சர் ஒரு சொல்லை மாற்றினால் போதும். தோணிக்காரனைத் தோணிக்காரி என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அல்லது எல்லோருமாகச் சிரித்து அதைப் பகிடியாக்கினால் போதும். ரீச்சர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “விட்ட இடத்திலை இருந்து தொடங்கட்டோ?” என்று மெதுவாகக் கேட்டார். மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, நானும் ஆட்டினேன்.

உப்புக் கிடங்கு. காவல்காரனும் தோணிக்காரனும் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள். வெளியே தளபதியின் ஆட்கள் தேடுகிறார்கள். அண்ணை முழங்காலில் ஹெல்மெற்றை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “காவல்காரன் அவன்ரை கையைப் பிடிக்கிறான்” என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார் ரீச்சர். இன்னொருமுறை சொன்னேன். “தோணிக்காரன் விடேல்லை” என்றான் அவன். தாயக்கட்டையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. அதைவிடச் சின்ன எண் கிடையாது.

“பிடிபட்டிட்டீங்கள்” என்றார் ரீச்சர். “தளபதி கதவைத் திறக்கிறார்.”

இனி எல்லாம் குருநகர்க்காரனின் வாயில். உது எனக்குச் சரிவராது என்று சொன்னவன். இரண்டு பேரையும் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் அண்ணையும் ஆறியிருப்பார், தானும் தப்பியிருப்பான். குருநகர்க்காரன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

“தளபதி விளக்கை உயர்த்திப் பாக்கிறான்” என்று தொடங்கினான். “ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். தளபதி கதவைச் சாத்திறான். வெளியிலை நிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறான், உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை எண்டு.” கொஞ்சம் நிறுத்தினான். “அதோடை இதையும் சொல்லுறான். அந்தக் காவல்காரன் என்ரை ஆள். அவனிலை ஒருத்தரும் கை வைக்கேலாது.”

தளபதியின் குரலில்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் பார்த்தது அண்ணையின் முகத்தை.

அண்ணை முழங்காலில் இருந்த ஹெல்மெற்றைக் கையில் எடுத்தார். பிறகு எழும்பி, “வா, போவம்” என்றார்.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஏறினேன். வீடு இணுவிலில். தெரிந்த றோட்டுத்தான், ஆனால் ஒவ்வொரு ஒழுங்கை வரும்போதும் அடிக்க உள்ளே திருப்பப் போகிறார் என்று சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். வீட்டுக்குக் கிட்ட, புகையிலை உலர்த்தும் குடில் ஒன்றின் அருகில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“உந்தக் காவல்காரனைக் கடைசியிலை கொல்லுவாங்களோ?”

“தெரியேல்லை அண்ணை. கதை இன்னும் முடியேல்லை.”

“அம்மாவுக்கு உதுகள் ஒண்டும் தெரியத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அண்ணை அதைப் பற்றிக் கதைத்ததேயில்லை. அவர் கேட்டது அக்கறையிலா, எச்சரிக்கவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முகம் பார்த்துக் கேட்கத் துணிவும் வரவில்லை.

அந்தக் கிழமையே குருநகர்க்காரன் என் சைக்கிளை ஐஸ் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து மருந்துக்கடை வாசலில் இறக்கினான். சைக்கிள் முழுக்க மீன் மணம். “உனக்கு உது சரிவராது எண்டனியே” என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். “எனக்கு இப்பவும் முழுக்க விளங்கேல்லையடாப்பா. ஆனா தளபதிக்கு விளங்குது” என்றான். அடுத்த ஞாயிறு நாலு பேரும் திரும்பவும் மேசையைச் சுற்றி இருந்தோம். அச்சகத்திலிருந்து வருகிற அவனும் நானும் இப்போது கதைக்கு வெளியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கிறோம். குரலைத் தாழ்த்தித்தான்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நாளைக்கு யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரியாத ஊரில்தான் இன்னும் இருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தால் எல்லோரும் சுகமாகத் தப்பியிருக்கலாம் என்று தெரிந்தும், அன்றைக்கு அந்த மேசையில் ஒருவரும் அந்தச் சொல்லை மாற்றவில்லை என்பதை நினைக்கும்போது, பயந்துகொண்டே நிமிர்ந்தும் நிற்கலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வருகிறது.