பெயின்ட் மிஸ் விட்ட பிழை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் குருநாகல் வீதியில் திரும்பினால் இரண்டு பக்கமும் கார் விற்கிற இடங்கள்தான். அங்கே சிந்துஜா வருகிறாள் என்றால் விற்கிறவர்கள் முகத்தில் ஈயாடாது. ஐந்தடி உயரம்கூட இல்லாத ஒரு பெண், கையில் ஒரு பழைய துணித்துண்டு, காலில் ரப்பர் செருப்பு. இவளுக்கா இந்தப் பயம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவள் ஒரு காரை ஒருமுறை சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கிவிட்டால் அந்தக் கார் அன்றைக்கு விலைபோகாது.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு, வாகனப் பெயின்ட் விற்கும் ராஜலிங்கத்தின் கடைக்கு பில் எழுத வந்தாள். வந்து ஆறு மாதத்தில், கடையில் நிறம் கலக்கிக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டான். வாசலில் ஒருவர் தன் காரின் பெற்றோல் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதே நிறம் வேண்டும் என்று நிற்கிறார். ராஜலிங்கம் தலையைச் சொறிந்தார். "நான் கலக்கிப் பாக்கவா சேர்?" என்று கேட்டாள் சிந்துஜா. கலக்கிய நிறத்தை மூடியில் தடவிக் காயவிட்டபோது எங்கே தடவினாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து பில் எழுத வேறு ஆள் வந்தார்.

அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெள்ளையிலேயே முப்பது வெள்ளை இருப்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் தேநீரின் நிறத்தைக்கூட அவளிடம் காட்டிவிட்டுத்தான் குடிக்கவேண்டும் என்று கணவன் கேலி செய்வான். நிறம் தெரிந்தவளுக்கு, எந்தக் காரில் எந்தக் கதவு பிறகு பெயின்ட் அடித்தது என்பதும் தெரிந்துவிடும் அல்லவா? முதலில் ஒருவர் கார் பார்க்க அவளைக் கூட்டிப்போனார். அவர் சொல்லி இன்னொருவர். பிறகு கண்டி, பேராதனை, பல்லேகல என்று கார் வாங்குகிற எல்லாரும் "பெயின்ட் மிஸ்ஸக் கூட்டிட்டுப் போவோம்" என்று தொடங்கிவிட்டார்கள்.

அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வாங்குபவரோடு வருகிற மெக்கானிக் பாஸ்மாரின் சட்டைப்பைக்குள் விற்கிறவர்கள் ஒரு கவரைச் செருகுவது இந்தத் தொழிலில் வழக்கம். இவள் அங்கே ஒரு பிளேன்டீகூடக் குடிக்கமாட்டாள். அடுத்த பிடிவாதம், ஈரமான காரைப் பார்க்கமாட்டாள். தண்ணீர் பட்டால் எந்தக் காரும் புதுக் கார் மாதிரித்தான் மினுங்கும். கீறலும் மேடுபள்ளமும் நிற வித்தியாசமும் மறைந்துபோகும். காய்ந்த கார், காலை வெயில். இரண்டும் இல்லாவிட்டால் "நாளைக்கு வாறேன்" என்று திரும்பி நடந்துவிடுவாள்.

அந்தப் பிடிவாதத்தை ஒரே ஒரு நாள் விட்டாள்.

காணிப் பதிவு அலுவலகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் றஞ்சனா, யாழ்ப்பாணத்துக்காரர், முதன்முதலாகக் கார் வாங்கப் போனார். ஹபீல் என்பவரின் கார் சேல் கடையில் ஒரு முத்து வெள்ளைக் கார். ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் ஒன்பது பதினெட்டிலிருந்து பத்து ஐந்து வரை. அதற்குள் சாவி கைக்கு வந்துவிட வேண்டும். விடிந்ததிலிருந்து மழை. கார் நனைந்து, தகரக் கூரைக்குக் கீழே டியூப் லைட் வெளிச்சத்தில் நின்றது.

"மழை விட்டதும் பாப்போமே மிஸ்," என்றாள் சிந்துஜா.

"நேரம் போகப்போகுது தங்கச்சி. நீர் பாத்துச் சொன்னாக் காணும். உம்மட ஒரு சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தனான்," என்றார் றஞ்சனா. கூட வந்த தம்பி ஸ்ரீதரன் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான்.

சிந்துஜா குளிர்ந்துபோனாள். இவ்வளவு பெரிய உத்தியோகத்தர், தன் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாராம். துணியால் நாலு இடத்தைத் துடைத்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். "நல்லா இருக்கு மிஸ், எடுங்க" என்று சொல்லிவிட்டாள். இதற்கு வேறு சமாதானம் தேடவேண்டாம், தலைக்கனம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பிள்ளையார் கோயில் வாசலில் காருக்குப் பூசை. சிந்துஜாவையும் அழைத்திருந்தார் றஞ்சனா. காரின் முகப்பில் செவ்வந்தி மாலை, சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம், எங்கும் சக்கரைப் பொங்கல் வாசம். நல்ல வெயில். வந்தவர்களிடமெல்லாம் அவளைக் கைகாட்டி, "இந்தத் தங்கச்சிதான் பாத்துத் தந்தவ" என்று றஞ்சனா சொல்லிக்கொண்டிருந்தார்.

சிந்துஜா கையில் பொங்கலோடு காரைப் பார்த்தாள். இடப்பக்கத்துப் பின்கதவிலிருந்து பின்மூலைவரை பெயின்டின் முத்துத்துகள் தடிப்பாகக் கிடந்தது. மற்றப் பக்கத்தில் அரித்த மா மாதிரி மெல்லிசாக இருந்தது. கிட்டப் போய் விரல் முட்டியால் தட்டினாள். தகரச் சத்தம் வரவில்லை. சுவரில் தட்டின மாதிரி மொத்தென்று கேட்டது. உள்ளே பட்டி, நெளிந்த தகரத்தை நிரப்பி மட்டமாக்கப் பூசுகிற பசை. இந்தக் கார் பெரிதாக இடிபட்டு எழும்பிய கார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கார் ஓடும், றஞ்சனா வாழ்த்துவார், பெயின்ட் மிஸ்ஸின் பெயர் அப்படியே இருக்கும். சொன்னால், பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த பெயர் இந்த வாசலிலேயே போய்விடும். இனி யார் அவளைக் கூப்பிடுவார்கள்? ஆனாலும் இந்தக் காரில் இந்த மனுஷி குடும்பத்தோடு யாழ்ப்பாணம்வரை போய்வரப் போகிறார் என்று நினைத்ததும் அந்தக் கணக்கு நின்றுவிட்டது. கையிலிருந்த பொங்கலைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"மிஸ், நான் பிழை விட்டுட்டேன். இந்தக் காரு இடிபட்டது. ஈரத்துல பாத்து நல்லதுன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

றஞ்சனாவின் முகம் வெளிறிப்போனது. ஸ்ரீதரன் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். தகரம் நெளிந்து, புதிதாக ஒட்டுப்போட்ட தடம் அப்பட்டமாகக் கிடந்தது. "உங்கட ஆள் நல்லாத்தான் பாத்திருக்கிறா அக்கா!" என்றான். அவன் சொன்னதில் என்ன தவறு என்றுதான் சிந்துஜாவுக்கும் தோன்றியது.

திங்கட்கிழமை மூன்று பேரும் அந்தக் காரிலேயே ஹபீலின் கார் சேலுக்குப் போனார்கள். ஹபீல் வேறு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் உயர்ந்தது.

"என்ன தங்கச்சி இது? ஒங்கட வாயாலதானே நல்லம் என்டு சொன்ன? மழைக்கி ஒரு கத, வெயிலுக்கு ஒரு கதயா? இனி ஒங்கட பேச்ச யாரு நம்புற?"

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். சிந்துஜா பின்வாங்கவில்லை.

"ஆமாங்க ஹபீல் நானா. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. உங்கள குத்தம் சொல்ல வரல, உங்களுக்கும் தெரியாமத்தான் வந்திருக்கும். ஆனா இது இடிபட்ட காரு. யாரு கேட்டாலும் அதச் சொல்லுவேன். நான் ஏமாந்தத முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

ஹபீலுக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பது அவரைப் படைத்தவனுக்கே வெளிச்சம். அவர் எழுந்து வெளியே போனார். வெயிலில் நின்ற காரைச் சுற்றினார். குந்தியிருந்து தானும் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இருவத்திரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல ஈக்கேன். அடுத்தவன்ட பிழைய மேசையில கொண்டுவந்து வெச்சவங்க எத்தினையோ பேர். தன்ட பிழையத் தானே கொண்டுவந்து வெச்சவங்கள இண்டைக்குத்தான் காண்றேன். காரை நான் எடுத்துக்கொள்றேன் மெடம். வாசல்ல நிக்கிறதுல ஒங்களுக்கு விருப்பமான ஒண்ட எடுங்க."

சிந்துஜாவுக்குப் பெருமூச்சு வந்தது. ஆனால் ஸ்ரீதரன் உடனே, "இந்த முறை வேற ஆரையும் கூட்டிவந்து பாப்பம் அக்கா. மெக்கானிக் ஒராள் எனக்குத் தெரியும்," என்றான்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயமான பேச்சு என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. "அதுதான் சரி மிஸ்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நில்லும் தங்கச்சி," என்றார் றஞ்சனா. அலுவலகத்தில் கோப்பு ஒன்றை மூடுகிற குரல் அது. பிறகு தம்பியைப் பார்த்தார். "பிழை விடாத ஆள் எண்டு நான் எங்க போய்த் தேடுறது? பிழையெண்டு தெரிஞ்சதும் தானா வந்து சொன்ன ஒராள் இதில நிக்கிறா. அவவ விட்டுட்டு வேற ஆரை நான் நம்புறது?"

சிந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துணித்துண்டை எடுக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முதல் கார், முன்கதவு பிறகு அடித்தது, வேண்டாம். இரண்டாவது, கூரையில் துருவை மறைத்துப் பூசியிருந்தது, வேண்டாம். ஹபீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இன்னும் ரெண்டு பாத்தா எனக்குக் கடய மூட வேண்டி வரும்" என்றார். மூன்றாவது ஒரு சாம்பல் நிறக் கார். ஒருமணி நேரம் அதைச் சுற்றிக் குனிந்து, படுத்து, தட்டி, தடவிவிட்டு, வேர்த்த முகத்தோடு அலுவலக அறைக்குள் வந்தாள்.

"இத எடுக்கலாம் மிஸ்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. றஞ்சனா பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தக் கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.