303 பெட்டியில் ஏறிய துப்பாக்கி

2006 ஆகஸ்ட், காலை எட்டே கால். விருதுநகரில் நானும் நண்பர் சுந்தரமும் சிவகாசி பஸ் பிடித்தோம். ஆளுக்கு எட்டு ரூபாய் டிக்கெட். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சுந்தரம் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மச்சினன் பால்பாண்டிக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி. சீசன் நேரத்தைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

ஒன்பதரைக்கு சிவகாசி. அவருடைய லேபிள்கள் அச்சாகும் அச்சகத்து வாசலிலேயே பால்பாண்டி பிடித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான், சாப்பிட்டீகளா? நல்ல நேரத்துக்கு வந்தீக. நம்ம புது வெடி லேபிளைப் பாருங்க."

வெடியின் பெயர் '303', பழைய ராணுவத் துப்பாக்கியின் பெயர். மேசை மேல் ஓவியம். காக்கி உடுப்பில் மீசைக்காரர், கையில் துப்பாக்கி. வரைந்த ஜெயசீலி பக்கத்தில் நின்றாள். லேபிள் வேலையில் அவளுக்கு இதுதான் முதல் ஆர்டர். மீசைக்காரர் அவள் வீட்டுக்காரர், ஆயுதப்படைக் காவலர். அவர் துப்பாக்கியோடு நிற்கும் போட்டோவைப் பார்த்தே வரைந்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குப் படம் அச்சுக்குப் போக வேண்டும்.

சுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"படம் பிரமாதம்மா. ஆனா இது 303 இல்லையே."

"என்ன மச்சான், தலையில குண்டைத் தூக்கிப் போடுறீக?"

"தோட்டாப் பெட்டியைப் பாருங்க மாப்ளே. 303க்கு அடிப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இது சதுரம். 7.62 தோட்டாவுக்காக மாத்துன துப்பாக்கி."

அப்புறம் அவரை நிறுத்த முடியுமா? குழல் வாய்வழியாக வெடிமருந்திட்டு இடித்த பழைய துப்பாக்கியின் பின்புறத்தை அறுத்து, தோட்டா நுழைய வழி செய்தது ஒரு காலம். வெள்ளைக்காரன் நாளில் 303இன் குழலைக் குடைந்து வழவழப்பாக்கி, வேறு தோட்டாவுக்கு மாற்றிக் காவலர்களிடம் கொடுத்தார்கள்; களவு போனாலும் ராணுவத் தோட்டா அதில் ஏறாது. பிறகு நம் ராணுவத்துக்கு 7.62 தோட்டா வந்தது. வங்காளத்துத் தொழிற்சாலையில் 303இன் அச்சிலேயே, இன்னும் வலுவான இரும்பில், புதுத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தார்கள்.

"உடம்பு அதேதான், வயிறுதான் வேற" என்று முடித்தார். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் அவரோடு ஊர் சுற்றுவது. ஜெயசீலி முகம் சுண்டிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

பால்பாண்டி தலையைச் சொறிந்தார். "இங்கன பட்டாளத்துல இருந்து வந்தவுக அம்புட்டுப் பேரு இருக்காக. ஒருத்தர் சிரிச்சா ஊரே சிரிக்கும். வேற ஆளை வச்சு வரைஞ்சுற வேண்டியதுதான்." செல்போனை எடுத்துவிட்டார்.

"பேரை வேணா மாத்திருங்களேன் அண்ணாச்சி" என்றாள் ஜெயசீலி.

"ஏழு புள்ளி அறுபத்திரெண்டு வெடி ஒரு பாக்கெட் குடுங்கன்னு எந்தப் பயலுக்குத்தா வாய்ல வரும்?"

எனக்குச் சிரிப்பு. அவளுக்கு இல்லை. சுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியலைன்னா?"

"தெரியலைன்னா... 303ன்னே சொல்லலாம்மா. படத்துல வேற வித்தியாசம் தெரியாது."

அவள் தூரிகையை எடுத்தாள். வீட்டுக்காரரின் இடது கையைக் கீழே இறக்கி, பெட்டி மறைகிற மாதிரி விரல்களை மடக்கினாள். போன் கையில் இருக்க, பால்பாண்டி எண்ணை அழுத்தவில்லை. தொழிற்சாலையில் மாற்றிய துப்பாக்கியை இவள் ஒரு கையால் பழையபடி 303 ஆக்கிவிட்டாள். கடைசியாக மோதிர விரலுக்கு மஞ்சளில் ஒரு கீற்று.

"இன்னும் ஏதும் குத்தம் இருக்கா மச்சான்? இப்பவே சொல்லிருங்க."

சுந்தரம் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமில்லை மாப்ளே. அச்சுக்கு விடுங்க."

மாலை நாலு மணிக்குத் திரும்பும் பஸ். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் குறை கண்டால் முதுகுக்குப் பின்னால் பேசுவோம். இங்கே முகத்துக்கு நேரே கேட்டு, அங்கேயே தீர்த்தும் விடுகிறார்கள். இதைச் சொன்னேன். சுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருத்தங்கல் தாண்டியதும் மெல்லச் சொன்னார்.

"படத்துல துப்பாக்கியோட தோள்வாரைத் தப்பான பக்கம் மாட்டியிருக்குய்யா."

"அடப்பாவி! அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பிள்ளை புருஷனுக்கு மோதிரம் போட்டு விட்டுக்கிட்டிருந்துச்சு."