கிணற்றில் போட்ட சிவப்புக் கோடு

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. பங்குனி பிறந்த நாள். வானத்தில் ஒரு மேகத் துணுக்குகூட இல்லை. மேற்கிலிருந்து லேசான காற்று. காலையில் வரப்பில் கிடந்த பனி ஒன்பது மணிக்கே காய்ந்துவிட்டது. சூரிய மோட்டார் ஓட இதைவிட நல்ல நாள் அமையாது. அந்த நேரம் பார்த்துத்தான் அது நின்றது.

அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மழைமானி பார்த்து எழுதி ஓய்வு பெற்றவன் நான். தேதி, நேரம், வானம் மூன்றையும் குறிக்காமல் எதையும் தொடங்க வராது. எழுபத்து மூன்று வயதாகிறது. இனி மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

கிணற்று மேட்டிலிருந்து தம்பி போன் செய்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், ஆனால் எனக்கு இடது காது போய்விட்டது.

"அண்ணா, மோட்டாரு நின்னுபூட்ச்சி. பொட்டியில செவப்பு லைட்டு எரியுது."

மேகம் ஏதும் மறைக்கிறதா என்று கேட்டேன்.

"மேகம் ஏது? மண்டய பொளக்குது. வெயிலு கீது, தண்ணிதான் இல்ல."

போய்ப் பார்த்தேன். நாற்பத்திரண்டு அடிக் கிணற்றில் மோட்டாரின் வாய் வெளியே தெரிந்தது. அடியில் ஒரு தவளை. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் எரிந்துவிடும் என்பதால் பெட்டி தானாகவே நிறுத்திக்கொள்கிறது. அந்த அறிவு பெட்டிக்கு இருந்தது.

கிணறு எங்கள் இருவருக்கும் பொது. பாகம் பிரித்தபோது ஆளுக்கு எழுபது சென்ட் கழனி, கிணற்றில் சரிபாதி என்று எழுதியிருக்கிறது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. பல வருஷம் டீசல் இன்ஜின் வைத்து இறைத்தோம். யார் முறையோ அவர் டீசல் ஊற்ற வேண்டும்.

டீசலில் இறைத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கடைசிப் பாத்தி நிரம்பும்வரை இன்ஜினை ஓட விடமாட்டோம். கால் மணி நேரம் முன்னாலேயே நிறுத்திவிடுவோம். வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் வடிந்து போய் அந்தப் பாத்தியை நிரப்பிவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தம்பி வாய்க்கால் தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்தே சொல்லுவான். கால் மணி டீசல் மிச்சம். கால் மணித் தண்ணீரும் மிச்சம்தான், ஆனால் அதை யாரும் மிச்சம் என்று நினைத்ததில்லை.

இலவச மின்சாரத்துக்குப் பதிந்து பதினொரு வருஷம் வரிசையில் காத்திருந்தோம். பிறகு சூரிய மோட்டார் திட்டம் வந்தது. பெரும் பகுதி மானியம். கூட்டத்தில் அதிகாரி பொறுமையாக விளக்கினார். டீசல் புகை இல்லை, விவசாயிக்குச் செலவு இல்லை, அரசுக்கு இலவச மின்சாரச் சுமை குறையும். சூரிய மோட்டார் வாங்குகிறவர் மின்சார வரிசையில் தன் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். அவர் சொன்ன எதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, நான் முயன்றும்கூட. எங்கள் பங்குத் தொகை ஐந்து போகத்துக்கான டீசலுக்குச் சமம் என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். இருக்கட்டும் என்று தம்பி சொன்னான். இடத்தை அடைக்கிறது என்றேன்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. தம்பி மனைவி தினமும் ஈரத் துணியால் சூரிய ஒளித் தகடுகளைத் துடைப்பாள். காக்கை எச்சத்துக்காகக் காக்கைகளின் பரம்பரையையே திட்டுவாள். தம்பி ஒரு நாளைக்கு மூன்று தடவை கைப்பிடியைப் பிடித்துத் தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்புவான். "சூரியன் பில்லு அனுப்ப மாட்டான்ணா" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

முன்பெல்லாம் மார்கழிக்குப் பிறகு நவரைப் பட்டத்தில் நாங்கள் நெல் வைப்பதில்லை. டீசல் போட்டுக் கட்டாது. உளுந்தோ வேர்க்கடலையோ போடுவோம், சில வருஷம் சும்மாவும் கிடக்கும். தண்ணீர் செலவில்லாமல் வந்ததும் இரண்டு பேருமே நவரையிலும் நெல் நட்டோம். யாரும் கால் மணி முன்னால் நிறுத்தவில்லை. வெயில் இருக்கும்வரை மோட்டார் ஓடியது. பாத்தி நிரம்பி மடை தாண்டி ஓடைக்குப் போனாலும் ஓடியது. மூன்று மணிக்கே நிறுத்திய ஒரு நாள், இன்னும் இரண்டு மணி நேர வெயில் வீணாகிறதே என்று தம்பியைக் கடிந்துகொண்டவன் நான்தான். வீணாவது எது என்று அப்போது தெரியவில்லை.

மழையைக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடாமல் வீட்டுக் கூரைமேல் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். அந்தக் கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை தாராளமாகவே பெய்தது. கிணறு நிரம்பி, எட்டிப் பிடிக்கிற உயரத்துக்குத் தண்ணீர் வந்ததை நானே பார்த்தேன். இரண்டரை மாதத்தில் அதை இறைத்துத் தீர்த்திருக்கிறோம். நாங்கள் மட்டுமில்லை. வடக்குக் கழனிக்காரருக்கு ஆழமான போர்வெல், இலவச மின்சாரம். கரண்ட் வந்தால் தானாக ஓடுகிற மாதிரி பெட்டி வைத்திருக்கிறார். அவர் தூங்கினாலும் போர் தூங்காது.

மறுநாளிலிருந்து கிணறு ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் இறைத்தது. இரண்டு கழனியும் கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற சமயம். இன்னும் நான்கு வாரம் தண்ணீர் வேண்டும். ஊறுகிற தண்ணீர் எழுபது சென்டுக்குச் சரியாக இருக்கும். ஒரு ஏக்கர் நாற்பது சென்டுக்குப் போதாது. பாதிப் பாதியாகப் பிரித்தால் இரண்டும் பதராகிவிடும். எப்படிப் போட்டாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. தம்பிக்கு அந்த எழுபது சென்டும் இரண்டு மாடுகளும்தான். பயிர்க்கடன் வேறு வாங்கியிருந்தான். சனிக்கிழமை காலை கிணற்றடியில் என் முறையை நீயே எடுத்துக்கொள் என்று சொன்னேன். அவன் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"மொறன்னா மொறதாண்ணா. காஞ்சா ரெண்டும் காயட்டும். உன் தண்ணிய நான் இறைச்சேன்னு ஊருல பேச வேணாம்."

ஊர் பேசாது, ஊருக்கு அவரவர் கிணற்றைப் பார்க்கவே நேரமில்லை என்றேன். அவன் கேட்கவில்லை. அன்று அவன் முறை என்பதால் அவன் கழனிக்குப் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என் முறை. நான் மோட்டாரைப் போடவில்லை. அவனும் போடவில்லை. இரண்டரை மணித் தண்ணீர் கிணற்றில் அப்படியே நின்றது. என் கழனியில் மண் வெடித்தது, அவன் கழனியிலும் மேட்டுப் பக்கம் வெடிக்க ஆரம்பித்தது. எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

மாலையில் தம்பி மனைவி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"மாமா, அவரு மானம் பாத்துக்கினு கீறாரு. நீங்க பெருந்தன்ம பாத்துக்கினு கீறீங்க. நடுவுல நெல்லு இன்னா பாவம் பண்ணிச்சி? உங்க கழனியில பயிரு இருக்கற வரிக்கும் அவரு உங்க தண்ணிய தொட மாட்டாரு."

அவள் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நான்கு ஆட்களை விட்டு என் எழுபது சென்ட் பயிரையும் பச்சையாக அறுத்துப் போட்டேன். கதிரில் பால் இருந்தது. நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டியது. அதில் ஒரு கதிரை நசுக்கிப் பார்த்திருக்க வேண்டாம். தம்பி வந்து வரப்பில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அறுத்த பயிரில் ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு நடந்தான். ஒன்பது மணிக்கு மோட்டாரைப் போட்டான். அன்று அவன் முறைதான். அடுத்த நாள் என் முறை. அன்றும் போட்டான்.

அதோடு முடியவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் கிணற்று ஊற்று இன்னும் இளைத்துவிட்டது. அறுவடைக்கு முன் இன்னும் மூன்று தடவை தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. வடக்குக் கழனிக்காரரிடம் விலைக்குக் கேட்கப் போனோம். மணிக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனுக்கு கரண்டே ஓசிதானேய்யா? அதுக்கு மணிக்கு நூத்தம்பதா?"

அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

"கரண்டு ஓசிதான்பா. தண்ணி ஓசின்னு உனுக்கு யாரு சொன்னது?"

தம்பி என்னைப் பார்த்தான். டீசலுக்கு விலை இருந்தவரை அதன் நிழலில் கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு விலை இருந்தது. டீசலை எடுத்த கையோடு அதையும் எடுத்துவிட்டோம், வேறெதையும் அந்த இடத்தில் வைக்கவில்லை. புகையைப் பற்றிப் பேச ஓர் அலுவலகம், மானியத்துக்கு ஓர் அலுவலகம், நிலத்தடி நீருக்கு இன்னொரு அலுவலகம். மூன்றும் அவரவர் கணக்கில் சரி. மூன்றையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் வேலை யாருக்கும் இல்லை. நான் அரசு வேலையில் இருந்தவன், எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாங்களும் மழையை மட்டுந்தான் அளந்தோம். பூமிக்குள் அது என்ன ஆகிறது என்று கேட்டால் அது எங்கள் பிரிவு இல்லை என்போம்.

விலைக்கு வாங்கிய தண்ணீரைத் தம்பி பாய்ச்சியதைப் பார்க்க வேண்டும். வரப்பில் வேகவேகமாக நடந்துகொண்டு, வாய்க்காலையே பார்த்துக்கொண்டு, கடைசிப் பாத்தி முக்கால் நிரம்பும்போதே போனை எடுத்து நிறுத்தச் சொன்னான். மீதி வடிந்து வந்து நிரம்பியது. இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த கால் மணி நேரம் திரும்பி வந்துவிட்டது. பதினெட்டு மணி நேரம் ஆகும் என்று போட்டிருந்தேன். பதினான்கில் முடித்தான்.

ஏப்ரல் கடைசியில் அறுவடை. பத்தொன்பது மூட்டை. நல்ல வருஷத்தைவிட இரண்டு குறைவு. கடன் அடைந்தது. நான் கொடுத்திருந்த தண்ணீர்க் காசைத் திருப்பித் தர வந்தான், நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் கேட்டேன். கிணறு வற்றிக் கிடக்கும்போதே உள்ளே இறங்கிச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால், வெயில் எவ்வளவு அடித்தாலும், யார் முறையானாலும், மோட்டார் நிற்க வேண்டும். நவரையில் நெல் கிடையாது, உளுந்துதான்.

கோடு எங்கே என்பதில் ஒரு முழு மத்தியானம் சண்டை. நான் அடியிலிருந்து பன்னிரண்டு அடி என்றேன். அவன் எட்டு என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பத்து. ஆனா நீதாண்ணா மொதல்ல தாண்டுவே, வெயில் வீணாப்பூடுதுன்னு" என்றான். கயிற்றில் இறங்கிச் சிவப்புப் பெயிண்டால் அவனே இழுத்தான். கோடு கோணலாக வந்திருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வு. அந்தப் பக்கம் நின்றுதான் அவன் பார்க்கிறான்.

இந்த மாசியில் தண்ணீர் கோட்டுக்கு வந்த அன்று பிற்பகல் இரண்டு பத்து. நல்ல வெயில். என் முறை. என் உளுந்தில் இன்னும் நான்கு பாத்தி பாக்கி. கிணற்று மேட்டில் தம்பி மனைவி துணியோடு நின்று தகடு துடைக்கிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினேன். வாய்க்காலில் இருந்த தண்ணீர் வடிந்து ஒரு பாத்தியை நிரப்பியது. மூன்று காய்ந்தன. வேறு கிணறுகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஒரு கோடு எதைக் காப்பாற்றிவிடும்? வடக்குக் கழனிக்காரரின் போர் அன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கோட்டுக்கு ஆன செலவை எழுதி வைத்திருக்கிறேன். அழித்த பயிருக்குச் செய்திருந்த செலவு, உழவும் நடவும் உரமும் அறுத்துப் போட்ட கூலியும் சேர்த்து, பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. வாங்கிய தண்ணீர் இரண்டாயிரத்து நூறு. சிவப்புப் பெயிண்ட் நூற்று எண்பது. மொத்தம் இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ரூபாய்.